ஒரு கலம் மேலே ஏறியபோது



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எம்எஸ் வேர்ட் பற்றித்தான் எழுதுகிறோம். ஆனால் ஐசிடி படிப்பிக்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட வேண்டாம். வினாத்தாள் தட்டுகிற, புள்ளி அட்டவணை போடுகிற, தட்டத் தெரியாமல் அடுத்த மேசை டீச்சரிடம் பென் டிரைவை நீட்டுகிற எல்லோருக்கும் இது உரியது.

இதில் முழுக்க "நாங்கள்" என்றுதான் எழுதப்போகிறோம். யாருடைய விரல் எந்தக் கீயை அழுத்தியது என்று எங்களுக்குள் தெரியும். அதை இங்கே எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். பிழைத்துப்போன அந்தப் புள்ளி அட்டவணையின் அடியில் பாட ஆசிரியர், வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர் என்று நாலு கையெழுத்து இருந்தது. நாலு பேரும் பார்த்துத்தான் வைத்தோம். ஆகவே நாங்கள்.

நாங்கள் வேர்ட் படித்த விதமே ஒரு கதை. எங்களில் நாலைந்து பேர் அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள். புத்தளத்தில் இருந்து அட்டாளைச்சேனை என்றால் மேற்குக் கடலில் இருந்து கிழக்குக் கடலுக்கு, நாட்டைக் குறுக்காகக் கடக்கும் பயணம். அங்கே போகும்வரை எங்களில் பலர் மவுஸைத் தொட்டது கொமினிகேஷன் கடைகளில்தான், அதுவும் கடைக்காரர் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போன இடைவெளியில். ஒப்படையைத் தட்டச்சில் கொடுத்தால் விரிவுரையாளருக்குப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடிப்பித்தோம். காசு கட்டாதபோது நாங்களே அடிக்கப் பழகினோம். பழகியது என்றால் அடிக்க மட்டும். ஒரு எழுத்தைத் தடிப்பாக்க, நடுவே கொண்டுவர, கீழே கோடு போட. இடம் விடவேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரை நாற்பது தடவை தட்டுவோம். அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டுமென்றால் போகும்வரை என்டர்.

பத்தாம் வகுப்பு ஐசிடி புத்தகத்தில் இதற்குச் 'சொல் முறைவழிப்படுத்தல்' என்று பெயர். நிரை, நிரல், கலம் என்று அழகான சொற்களும் இருக்கின்றன. கலம் என்றால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலில் போகிற சாமான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஸ்டாஃப் ரூமில் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. டேபிள், பொக்ஸ், செல். இங்கேயும் கலந்துதான் எழுதுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொக்ஸ் கதை.

தரம் 7 புவியியல் வினாத்தாள். கொரோனாவுக்கு முந்திய ஒரு வருடம், முதலாம் தவணை. இலங்கைப் படத்தை நடுவில் போட்டு, நகரங்கள் இருக்கும் இடங்களில் அ, ஆ, இ, ஈ என்று சின்னச் சின்ன டெக்ஸ்ட் பொக்ஸ் வைத்தோம். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, புத்தளத்துக்கு ஒன்று, சிலாபத்துக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று. ஸ்கிறீனில் பார்த்தால் அப்படி ஒரு வடிவு. பென் டிரைவில் போட்டுக் கடைக்கு அனுப்பினோம். கடைத் தம்பி நல்லது செய்வதாக நினைத்து, கேள்விக்கும் படத்துக்கும் நடுவில் இடம் போதாது என்று மூன்று தடவை என்டர் தட்டியிருக்கிறார். அவ்வளவுதான். படம் கீழே இறங்கிவிட்டது. எழுத்துகள் இறங்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்குரிய எழுத்து கடலில் போய் நின்றது. புத்தளத்துக்கு வைத்தது மன்னாருக்குப் போய்விட்டது. சிலாபம் வில்பத்துக் காட்டுக்குள். கொழும்புக்கு வைத்ததோ புத்தளத்துக்குக் கிட்டவாக வந்து நின்றது. பரீட்சை மண்டபத்தில் நின்ற எங்களுக்கு இது தெரியாது. படத்தைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். திருத்தும்போதுதான் விளங்கியது. புத்தளத்துப் பிள்ளைகள் புத்தளத்தைப் பிழையாக எழுதியிருக்கிறார்களே என்று முதலில் கோபம்கூட வந்தது. வகுப்பில் பாதிப்பேர் மன்னார் என்று எழுதியிருந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்களிடம் நிறையப் பேர். அந்த வீடுகளில் பெரியவர்களுக்கு இன்றைக்கும் 'ஊர்' என்றால் மன்னார்தான், முசலிதான். பிள்ளைகள் அதை மனதில் வைத்து எழுதிவிட்டார்களோ என்றுகூட ஒரு டீச்சர் சொன்னார். பிறகு வினாத்தாளை எடுத்துப் பார்த்தால் பிள்ளைகள் சரி, நாங்கள்தான் பிழை. எல்லோருக்கும் அந்த நாலு புள்ளியையும் கொடுத்துவிட்டு முடித்தோம்.

ஏன் அப்படி நடந்தது என்று தெரியவேண்டுமே. அடுத்த நாள் இடைவேளையில் கணினி அறையில் அந்தப் பைலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பொக்ஸின் ஓரத்தைக் கிளிக் பண்ணினால், மேலே கேள்வி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளம் வந்தது. பூட்டுப் போலவும் இருக்கிறது, கொக்கி போலவும் இருக்கிறது. வயரைப் பார்க்க வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். (பெயர் எழுதமாட்டோம். வாப்பா கடற்றொழில்.)

"சேர், அது நங்கூரம்."

உண்மைதான். வேர்ட் அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிற பெயரும் அதுதான், அங்கர். எத்தனை வருடம் அந்த அடையாளத்தைப் பார்த்திருப்போம்! கரையில் இருந்துகொண்டு எங்களுக்கு அது நங்கூரமாகத் தெரியவில்லை. அவனிடம் விளக்கினோம்: இந்தப் பொக்ஸ் எங்கே கட்டியிருக்கிறது என்று இது காட்டுகிறது. அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான், "அப்ப ஏன் சேர் ஓடினது?" வரியைத் தள்ளினால் பொக்ஸும் தள்ளும், படத்தை மட்டும் தள்ளினால் பொக்ஸ் நிற்கும் என்று செய்து காட்டினோம். உடனே சொன்னான்:

"இது மணல்ல போட்ட நங்கூரம் இல்ல சேர். இன்னொரு போட்டுல கட்டியிருக்கு. அந்த போட் போனா இதுவும் போகும். அது நிண்டா இதுவும் நிக்கும்."

இதைவிடச் சரியாக யாரும் விளக்க முடியாது. டெக்ஸ்ட் பொக்ஸ் கடதாசியில் ஒட்டியிருக்கிற சாமான் என்றுதான் நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம். அப்படியில்லை. அது எப்போதும் ஒரு பந்தியோடு கட்டப்பட்டிருக்கும். அந்தப் பந்தி அடுத்த பக்கத்துக்குப் போனால் பொக்ஸும் அடுத்த பக்கம். அந்தப் பந்தியை அழித்தால் பொக்ஸும் அழியும். வெறும் வரிதானே என்று டிலீட் பண்ணியபோது மேலே இருந்த தலைப்புப் பெட்டி காணாமல் போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பேய் பிடித்த கொம்பியூட்டர் என்று ஏசியிருப்பீர்கள், நாங்களும் ஏசினோம். நங்கூரம் அந்த வெறும் வரியில் இருந்திருக்கிறது.

'லொக் அங்கர்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் பொக்ஸ் அசையாது என்று நிறையப் பேர் நம்புகிறோம். அது பொக்ஸைப் பூட்டுவதில்லை. நீங்கள் பொக்ஸை இழுத்தாலும் நங்கூரம் வேறு பந்திக்கு மாறாமல் இருக்கப் பூட்டுகிறது. பொக்ஸ் அதே இடத்தில் நிற்கவேண்டுமென்றால் 'மூவ் ஒப்ஜெக்ட் வித் டெக்ஸ்ட்' என்பதில் இருக்கிற சரியை எடுத்துவிட்டு, இடத்தைப் பக்கத்தில் இருந்து அளக்கும்படி வைக்கவேண்டும். அப்படி வைத்தாலும் பந்தி வேறு பக்கத்துக்குப் போனால் பொக்ஸும் கூடப் போகும்.

படத்தில் எழுத்துப் போடும் வேலைக்கு இதைவிட நல்ல வழி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிடுவது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஒவ்வொரு பொக்ஸாகக் கிளிக் பண்ணி, படத்தையும் கிளிக் பண்ணி, ரைட் கிளிக்கில் குரூப். படம் குரூப்புக்குள் வராமல் அடம்பிடித்தால் அது 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்ற நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு எந்த ரெப்பிங்குக்காவது மாற்றுங்கள், வரும். கிளிக் பண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொக்ஸின் நடுவில் கிளிக் பண்ணினால் கேர்சர் உள்ளே போய்விடும். அப்போது நீங்கள் பிடித்திருப்பது எழுத்தை. ஓரத்தில், மவுஸ் நாலு தலை அம்பாக மாறும் இடத்தில் கிளிக் பண்ணினால்தான் பொக்ஸ் கையில் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாதி நேரம் போகிறது. பொக்ஸை அழிக்கப் போய் எழுத்தை அழிப்பது, எழுத்தை அழிக்கப் போய் பொக்ஸை அழிப்பது.

முடிந்தால் கடைக்கு வேர்ட் பைலைக் கொடுக்காதீர்கள். பீடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். பாமினிப் பிரச்சினையும் அதோடு போய்விடும். பாமினி இல்லாத கணினியில் அந்தப் பைலைத் திறந்தால் 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். அந்தச் சொல்லைப் பாமினியில் அடிக்கும்போது நாங்கள் அழுத்துகிற கீகள் அவைதான். எழுத்துரு மேலே போர்த்திய போர்வை மட்டும். யுனிகோட்டில் போனில் அடித்த கேள்வியையும் பாமினியில் அடித்த கேள்வியையும் ஒரே டேபிளில் ஒட்டினால், ஒரு நிரல் வீங்கி மற்ற நிரல் ஒடுங்கிவிடும். ஓட்டோஃபிட்டில் நிரல் அகலத்தை நிலையாக வைத்தால் அந்த வீக்கம் நிற்கும். இதை எழுதவே ஒரு தனிப் பதிவு வேண்டும். இன்னொரு நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்.

இனி டேபிள். எழுதத் தயங்கியது இதைத்தான்.

அதே வருடம், இரண்டாம் தவணை. அதே பையனின் ஒன்பதாம் வகுப்பு, 38 பிள்ளைகள், சேர்விலக்க ஒழுங்கில். தென்மேற்குக் காற்று விழுந்தால் எங்கள் பக்கத்துக் கடல் தொழிலுக்கு ஆகாது. சில குடும்பங்கள் கிழக்குக் கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்கும். அவனும் வாப்பாவோடு போய்விட்டான். வேறு பாடங்களை எழுதியிருந்தான். கணிதம் கடைசியில் வந்தது, அதற்கு இல்லை. அட்டவணையில் பதினோராம் நிரை அவனுடையது. கணித நிரலில் 'ஏபி' என்று அடித்திருந்தது.

கூட்டுத்தொகை போடும்போது அந்த 'ஏபி' இடைஞ்சல், வெறுமையாக இருக்கட்டும் என்று யாரோ சொன்னோம். அந்தக் கலத்தைத் தெரிவு செய்தோம். கலத்தின் இடது ஓரத்தில் மவுஸ் சின்னக் கறுப்பு அம்பாக மாறும், அங்கே ஒரு கிளிக், கலம் முழுவதும் சாம்பல் நிறமாகும். அதுவரை சரி. பிறகு பேக்ஸ்பேஸ்.

டேபிளில் டிலீட்டும் பேக்ஸ்பேஸும் ஒன்றில்லை. கலத்தைத் தெரிவு செய்து டிலீட் அழுத்தினால் உள்ளே இருக்கிறது மட்டும் போகும், கலம் இருக்கும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கலத்தையே எடுக்கட்டுமா என்று வேர்ட் கேட்கும். சின்னதாக ஒரு ஜன்னல் வந்து நாலு தெரிவு காட்டும்: பக்கத்துக் கலங்களை இடப்பக்கம் நகர்த்தவா, கீழே இருக்கிறவற்றை மேலே ஏற்றவா, நிரையையே அழிக்கவா, நிரலையே அழிக்கவா.

முதலில் இடப்பக்கம் கொடுத்தோம். அந்த நிரை ஒரு கலம் குறைந்து பல்லுப் போன வாய் மாதிரி நின்றது. உடனே கன்ட்ரோல் இசட். மறுபடி பேக்ஸ்பேஸ், இந்த முறை 'ஷிஃப்ட் செல்ஸ் அப்'. அட்டவணை அப்படியே இருந்தது. கோடு குலையவில்லை. 'ஏபி' போய்விட்டது. அது போன இடத்தில் 71 என்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. வேலை முடிந்தது என்று பார்வையை எடுத்துவிட்டோம்.

என்ன நடந்தது என்றால், கணித நிரலில் பன்னிரண்டாவது பிள்ளையின் புள்ளி பதினோராவது நிரைக்கு ஏறியது. பதின்மூன்றாவதுடையது பன்னிரண்டுக்கு. இப்படியே கடைசிவரை. கடைசி நிரையில் மட்டும் வேர்ட் ஒரு வெறும் கலத்தை வைத்தது.

அந்த வெறும் கலம் கண்ணில் பட்டது. பட்டும் பயனில்லை. கடைசிப் பிள்ளையின் கணிதப் புள்ளி விடுபட்டிருக்கிறதே என்று அலுமாரியைத் திறந்து, விடைத்தாள் மூட்டையை அவிழ்த்து, அவளுடைய தாளை எடுத்து 64 என்று பார்த்து, பேனையால் எழுதினோம். கவனமாக வேலை செய்கிறோம் என்ற திருப்தியோடு மூட்டையைத் திரும்பக் கட்டினோம். அதற்கு மேல் நிரையிலும் 64 இருந்தது. அதுவும் அவளுடையதுதான். இரண்டு 64 ஒன்றின் கீழ் ஒன்று. நாலு கையெழுத்தும் அதற்குக் கீழேதான் விழுந்தது.

38 பேரில் 27 பேருடைய புள்ளி பிழை. கூட்டுத்தொகையைக் கல்குலேட்டரில் இந்தப் பிழைப் புள்ளிகளை வைத்தே கூட்டினோம், ஆகவே கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. நிலைகளும் போட்டோம். முன்னேற்ற அறிக்கையில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தோம். விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். லீவு கிட்டி, நேரமில்லை என்று கொடுக்கவில்லை.

பன்னிரண்டாவது பிள்ளை ஒரு மகள். உண்மையில் 71 எடுத்தவள். அவளுடைய அறிக்கையில் 23 என்று இருந்தது.

மூன்றாம் தவணை தொடங்கியதும், கணிதத்தில் 35க்குக் கீழே எடுத்தவர்களைச் சேர்த்துப் பின்னேர வகுப்பு வைத்தோம். பெயர்ப் பட்டியலை அட்டவணையில் இருந்துதான் எடுத்தோம். அவள் வந்து இருந்தாள். ஒன்றரை மாதம் இருந்தாள். வாய்ப்பாட்டில் இருந்து தொடங்குகிற வகுப்பு அது. ஒரு நாளாவது, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கொடுத்த கணக்கை எல்லோருக்கும் முதல் செய்து முடித்துவிட்டுக் கொப்பியை மூடி வைத்திருப்பாள். முன்னேற்றம் தெரிகிறது, வகுப்பு வேலை செய்கிறது என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னோம். அந்தக் கூட்டத்தின் குறிப்பு இன்னும் இருக்கிறது.

கூட எடுத்தவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை. 23 எடுக்கவேண்டியவனுக்கு 58 கிடைத்திருந்தது. அவனுடைய உம்மா மகிழ்ச்சியில் ஸ்டாஃப் ரூமுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டோம்.

காற்று மாறி, வாடியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பையன் வந்தான். அவனுடைய அறிக்கை வகுப்பாசிரியரின் லாச்சியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போனவன் கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.

"சேர், கணக்குல 71 போட்டிருக்கு."

"ஓ, நல்லம் மகன்."

"நான் எழுதல்லையே சேர். நான் வாடியில."

சும்மா இருந்திருந்தால் அவனுக்கு 71. வீட்டில் காட்டியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அட்டவணையை எடுத்தோம். அவனுக்கு நேரே 71. விடைத்தாள் மூட்டையில் 71 யாருடையது என்று தேடினோம். மேசையில் தாள்களைச் சேர்விலக்க ஒழுங்கில் பரப்பிக்கொண்டு போகப் போக, ஒவ்வொரு தாளின் புள்ளியும் அட்டவணையில் ஒரு வீடு மேலே இருந்தது. இருபதாவது தாள் வரும்போது யாரும் கதைக்கவில்லை. அந்த இரண்டு 64ஐயும் பார்த்ததும் ஒரு டீச்சர் கதிரையில் இருந்துவிட்டார்.

அதிபர் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். "அந்தப் புள்ளட உம்மாட்ட யாரு போறது?" என்று மட்டும் கேட்டார்.

நாலு பேரும் போனோம். லுஹருக்குப் பிறகு, மணல் ஒழுங்கையில் நடந்து. நாங்கள் வருவதைக் கண்டு உம்மா பயந்துவிட்டார், பிள்ளை என்ன செய்தாளோ என்று. விடைத்தாளையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். டேபிள், பேக்ஸ்பேஸ் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினோம், பாதியில் நிறுத்திக்கொண்டோம். பிழை எங்கள் பக்கம் என்று சொன்னோம். அவர் 71 என்று எழுதியிருந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கத்தார்ல இருந்து அவட வாப்பா போன்ல ஏசினாரு சேர். அடுத்த வருஷம் நிப்பாட்டுவம், தையல் பழகட்டும் எண்டு சொன்னாரு. புள்ள ஒண்டும் பேசல்ல. நானும் பேசல்ல. நீங்க போட்ட மார்க்ஸ்தானே, பிழைக்காது எண்டு நினைச்சோம்."

மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். எங்களுக்கு முன்னால் வரவில்லை. அவள் கேட்காததற்குக் காரணத்தைப் பிறகு வகுப்பாசிரியர் டீச்சரிடம்தான் சொன்னாள். பரீட்சையில் ஏதோ ஒரு பக்கத்தை முழுதாகப் பிழையாகச் செய்திருப்பேன் என்று நினைத்தாளாம். எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு நாளும் யோசித்தாளாம்.

அன்றைக்கு அஸருக்குப் பிறகு வாப்பாவுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினோம், விடைத்தாளைப் படமெடுத்தும் அனுப்பினோம். இரவு பதில் வந்தது. ஸலாம் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லியிருந்தார். கொடுக்க நாங்கள் அங்கே இல்லை. உம்மாவுக்கு எடுத்துச் சொன்னோம்.

27 அறிக்கைகளையும் திரும்ப எழுதினோம். 58 கிடைத்தவனின் வீட்டுக்கும் போகவேண்டி வந்தது. வட்டிலப்பம் தந்த உம்மாவின் முகத்தைப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். காலைக் கூட்டத்தில் அதிபர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் விஷயத்தைச் சொன்னார். சொல்லவேண்டாம், பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள் என்று எங்களில் சிலர் சொன்னோம். அவர் கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

எங்கள் ஸ்கூல் அலுமாரியில் பழைய சேர்வு இடாப்பு ஒன்று இருக்கிறது, 1990க்குப் பிறகு வந்த பிள்ளைகளைப் பதிந்தது. சிவப்பு மையில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, 'முன்னைய பாடசாலை' என்ற நிரலில் வரிசையாக வடக்கு ஊர்களின் பெயர். அதில் ஒரு பிழை விட்டால் வெட்டி எழுதிப் பக்கத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வெட்டியது தெரியும். வேர்ட்டில் வெட்டியது தெரியாது. அதற்காகக் கணினியை விட்டுக் கைக்குப் போகச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே பிற்போட்ட நாட்களில், மூன்று பக்க வினாத்தாளை இரண்டு நிரல் டேபிளுக்குள் அடுக்கி, ஓரத்தைக் குறைத்து ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் அடக்கியது இதே வேர்ட்டால்தான். கையால் முடிந்திருக்காது.

அந்த வருடத்துக்குப் பிறகு நாங்கள் மாற்றியது கொஞ்சம்தான். புள்ளிகளுக்கு வேர்ட் டேபிள் இல்லை, விரிதாள். வேர்ட்டில் போட்டே ஆகவேண்டுமென்றால், பிரின்ட் எடுத்த பிறகு ஒருவர் விடைத்தாளில் இருந்து வாசிக்க மற்றவர் அட்டவணையில் சரி போடுவார், கடைசியில் இருந்து முதலுக்கு. தலைகீழாக வாசித்தால் மனது முன்கூட்டியே அடுத்த எண்ணைச் சொல்லாது. அட்டவணை இரண்டாம் பக்கத்துக்குப் போனால் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' போடுகிறோம், எந்த நிரல் எந்தப் பாடம் என்று இரண்டாம் பக்கத்திலும் தெரியவேண்டும். வராத பிள்ளைக்கு வெறும் கலம் விடுவதில்லை, 'சமுகமளிக்கவில்லை' என்று முழுதாக அடிக்கிறோம். நிரல் அகலமாகிறது, ஆகட்டும். விடைத்தாள் கையில் போகாமல் அறிக்கை போகாது.

பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். 71 போனதில் அவனுக்கு ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு கிழமை கழித்து வந்து கேட்டான், "அந்தக் கணக்குப் பேப்பர இப்ப எழுத ஏலுமா சேர்?" சட்டப்படி அதற்கு இடமில்லை, நிலை போடமுடியாது என்றோம். நிலை வேண்டாம் என்றான். நூலகத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் எழுதினான். 44.

அறிக்கையில் எழுதவில்லை. பைலில் மட்டும், பதினோராம் நிரையில், கணித நிரலில் இருந்த கலத்தைத் தெரிவு செய்து, டிலீட் அழுத்தி, 44 என்று அடித்து, கீழே இருக்கிற பன்னிரண்டைப் பார்த்தோம். 71. அதற்குக் கீழே 23. பிறகு சேவ் பண்ணினோம்.